பிரித்தானியக் கட்சிகளின் பணப்பெட்டி

ஓர் அரசியற் கட்சியின் கொள்கை யாது என்பதை அறிய அதன் தேர்தல் விஞ்ஞாபனத்தைப் படித்தல் போதும். அக்கட்சியைத் தாங்கிநிற்பவர் யாவர் என்பதை அறிய வேண்டுமாயின், அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுதல் வேண்டும். பாராளுமன்ற ஆட்சியின் தாயகம் என்று போற்றப்படும் பிரித்தானியாவில் விஞ்ஞாபனங்கள் வீதிதோறும் இலவசமாக வழங்கப்பட்டன. கணக்குப் புத்தகமோ நெடுங்காலம் பூட்டிய பெட்டகத்துள்ளே கிடந்தது. அப்பெட்டகத்தைத் திறந்து காட்டுமாறு சட்டம் கட்டளையிட்டபோதும், எல்லாரிடமும் ஒரே காலத்திற் கட்டளையிடவில்லை. தொழிலாளி கொடுத்த பென்னி நாணயம் 1913 ஆம் ஆண்டிலேயே எண்ணப்பட்டது. கம்பெனி கொடுத்த காசோலைக்குப் பங்காளரின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் விதித்தது 2000 ஆம் ஆண்டில். இவ்விரண்டுக்கும் இடையே எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்தமை தற்செயலன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிவரை பொதுமக்கள் சபை செல்வரின் சபையாகவே இருந்தது. அங்கத்தவர் ஆவதற்குச் சொத்து இருத்தல் வேண்டும் என்ற விதி 1858 இல் நீக்கப்பட்டது உண்மை. ஆயினும் அங்கத்தவருக்குச் சம்பளம் இல்லை. தேர்தலை நடத்தும் அதிகாரியின் செலவைக்கூட அபேட்சகர்களே தமக்குட் பங்கிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. வாக்காளருக்கு மதுவும் உணவும், வண்டிச் சத்தமும், கூலிக்கமர்த்திய கூட்டமும் என்று செலவு பெருகிற்று. 1880 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அபேட்சகர்கள் காட்டிய கணக்கின்படியே ஏறத்தாழ 17 இலட்சம் பவுண் செலவாயிற்று. காட்டாத கணக்கு அவரவர் மனச்சாட்சியோடு போயிற்று.

இந்நிலையை மாற்ற 1883 இல் ஊழல் மற்றும் சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஒவ்வொரு தொகுதியிலும் அபேட்சகர் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வகுக்கப்பட்டது. ஒரு முகவர் மூலமே செலவு செய்தல் வேண்டும் என்றும், தேர்தல் முடிந்தபின் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பலன் உடனே தெரிந்தது. 1885 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை முன்னையிலும் மிகப் பெருகியிருந்தும், செலவு 10 இலட்சம் பவுணளவிற்குக் குறைந்தது. இவ்வேற்பாடு பின்னர்க் குடியேற்ற நாடுகளுக்கும் சென்றது. இலங்கையின் 1946 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் கட்டளையில் அபேட்சகரின் செலவுக்கு வரம்பும் கணக்கும் விதிக்கப்பட்டமை இதன் வழியே வந்ததாகும். இலங்கையில் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பைக் கைவிட்டது. 2023 ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டமே அதனை மீண்டும் கொண்டுவந்தது.

எனினும் 1883 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அது தொகுதியில் நிற்கும் அபேட்சகரின் சட்டைப்பையை மாத்திரமே சோதித்தது; இலண்டனிற் கட்சித் தலைமை வைத்திருந்த பெட்டியைத் தொடவில்லை. முன்வாசலைத் தாழிட்டுப் பின்வாசலைத் திறந்துவிட்ட கதைதான். கூலிக்கு ஆள் பிடிக்க முடியாத நிலையிற் கட்சிகள் தம்மைச் சார்ந்த தொண்டர் அமைப்புகளை நாடின. கொன்சர்வேட்டிவ் கட்சியாரின் பிரிம்றோஸ் கழகம் அதே 1883 இல் தோன்றிச் சில ஆண்டுகளுள் பத்து இலட்சம் பேருக்கு மேற்பட்டோரைத் திரட்டிற்று. வாக்குரிமை இல்லாத பெண்கள் வீடுவீடாகச் சென்று வாக்குத் தேடிய விந்தையும் இக்கழகத்தின் மூலமே பரவலாக நிகழ்ந்தது.

தொழிலாளர் நிலை வேறு. 1867 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் நகர்ப்புறத் தொழிலாளர் பலர் வாக்குரிமை பெற்றனர். ஆனால், வாக்களிக்கும் உரிமை பெற்றவன் சபையில் அமரும் வசதி பெற்றானல்லன். 1874 இல் அலெக்சாந்தர் மக்டொனால்ட், தோமஸ் பேர்ட் என்னும் சுரங்கத் தொழிலாளர் தலைவர் இருவர் சபைக்குச் சென்றனரென்றால், அவர்களின் அரிசி பருப்புச் செலவைச் சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் ஏற்றுக்கொண்டமையே காரணம். சம்பளமில்லாத சபையில் ஏழை ஒருவன் அமரவேண்டுமாயின், அவனைப்போன்ற ஏழைகள் பல்லாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பென்னி போடுதல் வேண்டும். தொழிற் கட்சியின் பொருளாதாரம் முழுவதும் இந்த எளிய கணக்கிலிருந்து எழுந்ததே.

1900 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் இலண்டன் பரிங்டன் வீதியிலுள்ள நினைவு மண்டபத்திற் கூடிய 129 பிரதிநிதிகள் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை நிறுவினர். ராம்சே மக்டொனால்ட் அதன் செயலாளரானார். தனியாள் எவரும் இக்குழுவில் நேரே சேர இடமில்லை. சங்கங்களும் சோஷலிசக் கழகங்களுமே அங்கம் வகித்தன. ஆயிரம் அங்கத்தவருக்குப் பத்துச் சிலிங் என்பது சங்கங்கள் செலுத்தவேண்டிய இணைப்புக் கட்டணம். அவ்வாண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலிற் குழுவின் தலைமைச் செலவு 33 பவுண். இருவர் வெற்றி பெற்றனர்: மேர்தரிற் கெய்ர் ஹார்டி, டேர்பியில் றிச்சார்ட் பெல்.

இக்குழந்தை பிழைத்துக்கொண்டமைக்கு நீதிமன்றமே முதற் காரணமாயிற்று என்றால் மிகையாகாது. தென் வேல்சில் டாஃப் வேல் புகையிரதக் கம்பெனியில் 1900 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் விளைவாக, புகையிரதச் சேவையாளர் ஐக்கிய சங்கத்தின் மீது கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. வேலைநிறுத்தத்தால் உண்டான நட்டத்தைச் சங்கத்தின் நிதியிலிருந்து ஈடுசெய்தல் வேண்டும் என்று 1901 இற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நட்ட ஈடு 23,000 பவுண். வழக்குச் செலவும் சேர 42,000 பவுண். பாராளுமன்றத்தில் ஆள் இல்லாத சங்கத்தின் சேமிப்பு எந்த நேரமும் கரைந்துபோகலாம் என்பது அப்போதுதான் தொழிலாளருக்கு உறைத்தது. தொடக்கத்தில் மூன்றரை இலட்சமளவில் இருந்த இணைப்பு அங்கத்தவர் தொகை, மூன்று ஆண்டுகளில் எட்டரை இலட்சத்தைத் தாண்டிற்று. 1903 இல் ஆளுக்கு ஒரு பென்னி வீதம் பாராளுமன்ற நிதி ஒன்று திரட்டப்பட்டு, அதிலிருந்து குழுவின் அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 200 பவுண் அளிக்கும் வழி உண்டாயிற்று. பணம் பெறுபவர் குழுவின் கட்டுப்பாட்டுக்கு அமைதல் வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டில் லிபரல் கட்சியின் கொறடாவான ஹேர்பேட் கிளாட்ஸ்டன், மக்டொனால்டோடு இரகசிய உடன்பாடு ஒன்று செய்தார். சில தொகுதிகளைத் தொழிலாளருக்கு விட்டுக்கொடுத்தால் அத்தொகுதிகளில் லிபரல் கட்சியின் செலவு மிஞ்சும் என்பதும் அவருடைய கணக்கில் ஒன்று. 1906 இற் குழுவினர் 29 பேர் வென்று, தொழிற் கட்சி என்ற பெயரையும் சூடிக்கொண்டனர். டாஃப் வேல் தீர்ப்பும் அவ்வாண்டே சட்டத்தினால் மாற்றப்பட்டது.

இனிமேற் பென்னிகளுக்கு இடர் இல்லை என்று எண்ணிய வேளையில், அதே புகையிரதச் சங்கத்தின் உள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. கிளப்டன் புகையிரத நிலையத்திற் போர்ட்டராக வேலை பார்த்த வோல்ட்டர் ஒஸ்போர்ன் என்பவர் சங்கத்தின் வோல்தம்ஸ்டோ கிளைச் செயலாளர். சங்க வேலையில் ஊக்கமுள்ளவர். ஆனால் அரசியலில் லிபரல் கட்சியைச் சார்ந்தவர். தம்முடைய சந்தாப் பணத்திலிருந்து தாம் விரும்பாத ஒரு கட்சிக்குப் பங்கு பிரிக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேன்முறையீட்டில் வென்றார். 1909 டிசம்பரிற் பிரபுக்கள் சபையும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தொழிற்சங்கங்கள் இவை இவை செய்யலாம் என்று சட்டம் வகுத்த பட்டியலில் அரசியல் இல்லை; ஆகவே அரசியலுக்குப் பணம் செலவிடுதல் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பது பெரும்பாலான நீதிபதிகள் கூறிய காரணம். ஷோ பிரபு மற்றொரு காரணத்தையும் காட்டினார். பணம் கொடுப்போரின் கட்டளைக்கு முன்கூட்டியே கட்டுப்பட்ட ஒருவர், நாட்டின் பொதுநலன் கருதிச் சுயேச்சையாக வாக்களிக்க இயலாது. அத்தகைய கட்டுப்பாடு அரசியலமைப்பின் ஆதாரத்துக்கே மாறானது என்றார் அவர்.

கொள்கையளவில் ஷோ பிரபுவின் கூற்று மறுத்தற்கரியது. ஆனால் அது ஒருபக்கத் தராசு. புகையிரதக் கம்பெனிகளின் பணிப்பாளர்கள் பலர் அந்நாளில் இரு சபைகளிலும் வீற்றிருந்தனர். அவர்கள் தமது கம்பெனியைப் பாதிக்கும் மசோதாக்களைப்பற்றிப் பேசியபோது, அவர்களின் சுயேச்சையைப்பற்றி எந்த நீதிமன்றமும் கவலைப்படவில்லை. போர்ட்டரின் சிலிங்கு மாத்திரமே அரசியலமைப்பை அசைக்கும் வலிமையுடையதாகத் தோன்றிற்று. மறுபுறத்தில், ஒஸ்போர்னைத் துரோகி என்று தூற்றிச் சங்கத்திலிருந்து வெளியேற்றிய தலைவர்களின் செயலையும் நியாயமென்று கொள்ள முடியாது. சங்கத்தில் இருந்தாற்றான் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. அப்பாதுகாப்பின் விலையாக அவனுடைய அரசியல் மனச்சாட்சியைக் கேட்டல் ஆகுமா? அவர் எழுப்பிய வினா உண்மையான வினா. அதற்கு விடை தேடியே பின்னர் ஒரு நூற்றாண்டு காலம் சட்டங்கள் இயற்றப்பட்டன.

தீர்ப்பின் பின்னர்ச் சங்கம் சங்கமாகத் தடையுத்தரவுகள் பிறந்தன. தொழிற் கட்சியின் வருவாய் வற்றிற்று. 1910 ஆம் ஆண்டிலோ இரண்டு பொதுத் தேர்தல்கள் வந்தன. அப்போதைய லிபரல் அரசாங்கம் தொழிற் கட்சியின் வாக்குகளையும் நம்பி நின்றமையால், இரண்டு தவணைகளிற் பரிகாரம் செய்தது. 1911 இல் அங்கத்தவர் யாவருக்கும் ஆண்டுக்கு 400 பவுண் அரசாங்கச் சம்பளம் வழங்கப்பட்டது. 1913 இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி அரசியலுக்குச் செலவிட விரும்பும் சங்கம் முதலில் அங்கத்தவரிடையே இரகசிய வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும். அரசியல் நிதியைப் பொது நிதியோடு கலவாமல் வேறாக வைத்தல் வேண்டும். கொடுக்க விரும்பாதவர் எழுத்து மூலம் அறிவித்து விலகிக்கொள்ளலாம். விலகியவருக்கு எவ்வகைக் குறையும் செய்தலாகாது. வாக்கெடுப்புகளின் முடிவும் நோக்கத்தக்கது. தொழிற் கட்சியின் முதுகெலும்பு எனப்பட்ட சுரங்கத் தொழிலாளரிடையேயும் பத்தில் நால்வர்க்கு மேல் எதிர்த்து வாக்களித்தனர். ஒஸ்போர்ன் தனி மனிதர் அல்லர்.

1926 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தம் தோல்வியுற்றதும், போல்ட்வினின் கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் அடுத்த ஆண்டிலேயே இவ்வேற்பாட்டைத் தலைகீழாக்கிற்று. அதுவரை விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகினர். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் விரும்புபவரே எழுதிக் கொடுத்துச் சேரவேண்டும். எவருடைய உரிமையும் பறிக்கப்படவில்லை. ஒரு காகிதத்தை நிரப்பும் பாரம் மாத்திரம் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றப்பட்டது. ஆயினும் 32 இலட்சமாக இருந்த கட்சியின் இணைப்பு அங்கத்தவர் தொகை இரண்டாண்டுகளுள் ஏறத்தாழ 20 இலட்சமாக வீழ்ந்தது. 1946 இல் அட்லியின் அரசாங்கம் அச்சட்டத்தை நீக்கியபோது இதே வித்தை மறுபுறமாக நிகழ்ந்தது: 26 இலட்சம் ஒரே ஆண்டில் 43 இலட்சத்தைக் கடந்தது. இடையில் ஒரு கோடித் தொழிலாளரின் அரசியற் கொள்கை மாறிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். காகிதத்தைக் கையிலெடுக்கும் சோம்பலே இலட்சக்கணக்கான பவுண்களைக் கட்சிக்குக் கொடுத்தது. அதே சோம்பலே அவற்றைப் பறித்தது. இதனை இரு கட்சியாரும் நன்கறிந்திருந்தனர். ஆகவேதான் 1984 இற் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று தட்சரின் அரசாங்கமும், 2016 இற் புதிய அங்கத்தவர் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றி அரசியற் சந்தா அறவிடலாகாது என்று கமரனின் அரசாங்கமும் சட்டம் செய்தன. 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நடந்த முதற் சுற்று வாக்கெடுப்பில், அரசியல் நிதி வைத்திருந்த சங்கங்கள் யாவும் அதனைத் தொடர்ந்து வைத்திருக்கவே வாக்களித்தமை சட்டம் செய்தோர் எதிர்பாராதது.

சங்கங்களின் பணம் இவ்வாறு வெளிச்சத்தில் எண்ணப்பட்ட காலத்தில், மற்றைய இரு கட்சிகளின் பணம் எங்கிருந்து வந்தது?

லிபரல், கொன்சர்வேட்டிவ் ஆகிய இரு கட்சிகளிலும் மத்திய நிதி கொறடாவின் கையில் இருந்தது. கொடுத்தவர் பெயரை அவரும் ஓரிருவருமே அறிவர். பழைய நிலப்பிரபுக்களின் செல்வம் குன்றியபின், மதுவடிப்போர், கப்பல் முதலாளிகள், சுரங்க அதிபர்கள், பத்திரிகை அதிபர்கள் ஆகியோர் அவ்விடத்துக்கு வந்தனர். பணத்தில் நிறைந்த இவர்களுக்குக் குறைவாக இருந்தது குலப் பெருமை ஒன்றே. அதனை வழங்கும் அதிகாரம் அரசரின் பெயரிற் பிரதம மந்திரியிடம் இருந்தது. இருவர் குறையும் ஒருங்கே தீர்ந்தன. பட்டத்துக்குப் பணம் என்னும் இவ்வழக்கம் விக்டோரியா மகாராணியின் இறுதிக் காலத்திலேயே உண்டு. அதனைச் சந்தைக் கடையாக்கியது 1916 முதல் 1922 வரை பிரதம மந்திரியாக இருந்த லொயிட் ஜோர்ஜின் காலம்.

லிபரல் கட்சி அப்போது இரண்டாகப் பிளவுண்டிருந்தது. கட்சியின் பழைய பெட்டி அஸ்குவித் அணியிடம் இருந்தமையால், லொயிட் ஜோர்ஜ் தமக்கெனப் புதிய பெட்டி ஒன்று தேடவேண்டியவரானார். தரகர்கள் தோன்றினர். அவர்களுட் பேர்பெற்றவர் மோண்டி கிரகரி. பாராளுமன்றத்துக்கு அண்மையிற் பாராளுமன்ற வீதியிலேயே அவருடைய காரியாலயம் இருந்தது. ‘சேர்’ பட்டத்துக்கு 10,000 பவுண், பரம்பரையாய் வரும் பரோனெற் பட்டத்துக்கு 30,000 பவுணும் அதற்கு மேலும், பிரபுப் பதவிக்கு 50,000 பவுணிலிருந்து ஓர் இலட்சம் வரை என்று விலைகள் வழங்கின. கறிக்கடைக்காரனாவது விலைப்பலகையை வெளியே தொங்கவிடுவான். இங்கே அதுவும் இல்லை.

1922 ஜூன் மாதத்திற் குடம் உடைந்தது. அரசரின் பிறந்தநாட் பட்டியலிற் பிரபுப் பதவிக்கு உரியவராகச் சேர் ஜோசப் ரொபின்சன் என்னும் தென்னாபிரிக்கச் சுரங்க அதிபரின் பெயர் காணப்பட்டது. தம்முடைய கம்பெனியின் பங்காளரை வஞ்சித்தார் என்று தென்னாபிரிக்க நீதிமன்றம் அவருக்கு எதிராகப் பெருந்தொகை நட்ட ஈடு விதித்திருந்தது. அவருடைய மேன்முறையீட்டைக் கோமறை மன்றம் முந்திய ஆண்டிலேயே தள்ளியிருந்தது. பிரபுக்கள் சபையிற் கண்டனம் எழுந்தது. பட்டம் வேண்டாம் என்று அவர் எழுதிய கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் தம் வெறுப்பை மறைக்கவில்லை. அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன்வழி அரசியற் பட்டங்களை ஆராயும் மூவர் குழு ஒன்றும் ஏற்பட்டது. 1925 இற் பட்டத்துக்குப் பணம் பெறுதலையும் கொடுத்தலையும் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறிற்று.

சட்டத்தால் ஆனதைவிடத் தந்திரத்தால் ஆனது அதிகம். கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராயிருந்த ஜே. சி. சி. டேவிட்சன், கிரகரியின் காரியாலயத்துக்குள் தம் ஆள் ஒருவரை அனுப்பி, பணம் கொடுத்தவரின் பட்டியலைப் பெற்றுக்கொண்டார். அப்பட்டியலில் இருந்த எவருக்கும் பட்டம் கிடையாதபடி பார்த்துக்கொண்டார். சரக்கு வராத கடைக்கு ஆள் வருமா? வறுமையுற்ற கிரகரி 1933 இல், கடற்படையதிகாரியாயிருந்த ஒருவரிடம் 10,000 பவுணுக்கு ‘சேர்’ பட்டம் பேசி அகப்பட்டார். விசாரணை தொடங்கியபின் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால், சாட்சிக் கூண்டில் அவர் பழைய பெயர்களைச் சொல்ல நேரவில்லை. அதனால் நிம்மதியாகத் துயின்ற பெரிய மனிதர் பலர். இரண்டு மாதச் சிறையும் 50 பவுண் தண்டமும் அனுபவித்து, பிரான்சிற் குடியேறி, 1941 இற் பாரிசில் இறந்தார். லொயிட் ஜோர்ஜின் நிதியோ அவருடைய சொந்தக் கட்டுப்பாட்டிலேயே இருந்துவந்தது. அதனைக் கட்சிக்குக் கொடு என்று ஒரு சாராரும், கொடேன் என்று அவரும் வாதாடியே 1920களில் லிபரல் கட்சி மேலும் மெலிந்தது. பெட்டி நிறைந்திருந்தும் கட்சி பிழைக்கவில்லை.

கொன்சர்வேட்டிவ் கட்சியின் தொகுதிச் சங்கங்களில் மற்றொரு வழக்கம் நிலவிற்று. நிச்சயமான வெற்றித் தொகுதியை விரும்பும் அபேட்சகர் தேர்தற் செலவு முழுவதையும் தாமே ஏற்று, சங்கத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் நன்கொடையும் அளிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டார். 1945 ஆம் ஆண்டின் பெருந்தோல்வி இதற்கு முடிவு கட்டிற்று. கட்சித் தலைவராக வந்த வூல்டன் பிரபு, உலகப் போர்க்காலத்தில் உணவு மந்திரியாயிருந்து பெயர் பெற்றவர்; அதற்கு முன் பெரிய வாணிகக் கடைகளை நடத்தியவர். பத்து இலட்சம் பவுண் வேண்டும் என்று 1947 இல் அவர் அறைகூவினார். அதனைப் பெற்றும் கொண்டார். தேநீர் விருந்து, சீட்டாட்ட மாலை, பழம்பொருள் விற்பனை என்று ஊர்தோறும் பெண்கள் திரட்டிய சில்லறைப் பணம் அதில் ஒரு பெரும் பங்கு. 1953 அளவில் கட்சியின் அங்கத்தவர் 28 இலட்சமாயினர். மக்ஸ்வெல் பைவ் குழுவின் பரிந்துரைப்படி, பாராளுமன்ற அங்கத்தவர் தம் தொகுதிச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 50 பவுணுக்கு மேல் கொடுக்கலாகாது என்ற வரம்பும் வந்தது. செல்வரின் கட்சி எனப்பட்டது செல்வரல்லாதாருக்கு இவ்வாறு கதவு திறந்தமை வூல்டனின் உண்மையான சாதனை.

ஆனால் தலைமைப் பெட்டியை நிரப்பியது தேநீர் விருந்து மாத்திரமன்று. கம்பெனிகள் நேராகவும், கைத்தொழிலதிபர்கள் தமக்குள் அமைத்த கழகங்கள் வாயிலாகவும் கொடுத்தன. 1946 இல் தோன்றிய மிட்லண்ட் கைத்தொழில் மன்றம் இவ்வகையின. இன்னொரு வகையும் இருந்தது: கட்சிக்குக் கொடாமல், கட்சிக்குப் பயன்படும் பிரசாரத்தைத் தாமே நடத்துதல். சீனித் தொழிலைத் தேசியமயமாக்கப்போவதாக அட்லியின் கட்சி அறிவித்தபோது, டேட் அன்ட் லைல் கம்பெனி 1949 இற் ‘கியூப் துரை’ என்னும் கேலிச் சித்திரக் கட்டி மனிதனை உண்டாக்கித் தன் சீனிப் பொட்டலங்கள்தோறும் அச்சிட்டது. காலைத் தேநீருக்குச் சீனி எடுத்த ஒவ்வொரு குடும்பமும் ஓர் அரசியற் பிரசங்கம் கேட்டது. சீனித்தொழில் தேசியமயமாகவில்லை.

இச்செலவு தேர்தற் செலவாகாதா என்ற வினாவுக்கு விடை, மலாயாவின் பேராக்கில் ஈயம் தோண்டிய துரோனோ சுரங்கக் கம்பெனியின் வழக்கிற் கிடைத்தது. 1951 ஆம் ஆண்டுத் தேர்தலை முன்னிட்டு அக்கம்பெனி தொழிற் கட்சி அரசாங்கத்தைத் தாக்கி ‘டைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரம் செய்தது. 1952 இல் வழக்கை விசாரித்த நீதிபதி, குறித்த ஒரு தொகுதியின் குறித்த ஓர் அபேட்சகரை ஆதரிக்கும் செலவையே சட்டம் தடுக்கிறது, நாடளாவிய பொதுப் பிரசாரத்தை அன்று என்று கூறிக் கம்பெனியை விடுவித்தார். 1883 ஆம் ஆண்டில் திறந்துகிடந்த பின்வாசல் இப்போது நீதிமன்றத்தின் முத்திரையும் பெற்றது.

இதற்கிடையே, புகையிரதப் போர்ட்டருக்கு 1913 இல் அளித்த உரிமை கம்பெனியின் பங்காளருக்கு அளிக்கப்படவில்லை. பங்காளர் தம் பணம் எக்கட்சிக்குப் போகின்றது என்று கேட்கவும் முடியாது, விலகவும் முடியாது. 1967 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 50 பவுணுக்கு மேற்பட்ட அரசியல் நன்கொடையை ஆண்டறிக்கையில் வெளியிடல் வேண்டும் என்று விதித்தது. அது முதற்படி. கேட்டுக் கொடுக்கும் கடமை அப்போதும் இல்லை. தனிச் செல்வரின் கொடைக்கு வெளியீடும் இல்லை, எல்லையும் இல்லை.

அந்நிலை மாற மீண்டும் ஓர் அபகீர்த்தி வேண்டியிருந்தது. மோட்டார்ப் பந்தயத் தொழிலின் தலைவரான பேர்ணி எக்கிள்ஸ்டன் 1997 ஜனவரியில் தொழிற் கட்சிக்குப் பத்து இலட்சம் பவுண் கொடுத்தார். அவ்வாண்டில் ஆட்சிக்கு வந்த அக்கட்சி, புகையிலை விளம்பரத் தடையிலிருந்து அவருடைய பந்தயங்களுக்கு விலக்களிக்க முனைந்ததும் கொடை வெளிப்பட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சங்கப் பென்னிகளால் வளர்ந்த கட்சியும் பெருங்கொடையாளரின் படியில் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நீல் பிரபுவின் குழு ஆராய்ந்து கூறியவாறு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 5,000 பவுணுக்கு மேற்பட்ட கொடையாளரின் பெயர் வெளியிடப்பட்டது. வெளிநாட்டார் கொடை தடுக்கப்பட்டது. கட்சிகளின் நாடளாவிய தேர்தற் செலவுக்கு முதன்முதலாக வரம்பு வந்தது. கண்காணிக்கத் தேர்தல் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கம்பெனிகள் பங்காளரின் தீர்மானம் பெற்றே கொடுத்தல் வேண்டும் என்பதும் இச்சட்டத்தினாலேயே வந்தது.

கொடையைத்தான் வெளியிடல் வேண்டும், வியாபார வட்டிக்குப் பெற்ற கடனையன்று என்பதைக் கட்சிகள் விரைவிற் கண்டுகொண்டன. 2005 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தொழிற் கட்சி செல்வர் சிலரிடம் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் பவுண் இரகசியக் கடன் பெற்றது. கொன்சர்வேட்டிவ் கட்சியும் அவ்வாறே பெற்றிருந்தது. கடன் கொடுத்த சிலரின் பெயர்கள் பிரபுப் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டமை 2006 இல் வெளியானதும், 1925 ஆம் ஆண்டுச் சட்டம் அடுக்கிலிருந்து தூசி தட்டி எடுக்கப்பட்டது. பொலிசார் 136 பேரை விசாரித்தனர். பதவியிலிருக்கும் பிரதம மந்திரி ஒருவரை, சாட்சியாகவேனும், குற்ற விசாரணையிற் பொலிசார் வினாவியது அதுவே முதன்முறை. 2007 ஜூலையில், வழக்குத் தொடரச் சான்று போதாது என்று முடிவாயிற்று. பட்டத்துக்கும் பணத்துக்கும் தெளிவான உடன்பாடு இருந்தது என்று நிறுவுதல் வேண்டும். கனவான்கள் அத்தகைய உடன்பாட்டை எழுதிவைப்பதில்லை. கடன்களும் வெளியிடப்படல் வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது.

அதன் பின் இரு தடவை சமரச முயற்சி நடந்தது. ஒரு கொடையாளர் கொடுக்கக்கூடியதற்கு உச்சவரம்பு வைப்போம் என்றபோது, சங்கத்தின் சந்தா ஒரே கொடையா, பல இலட்சம் தொழிலாளரின் பல இலட்சம் கொடைகளா என்ற வினா குறுக்கே நின்றது. ஒரே கொடை என்றது கொன்சர்வேட்டிவ் கட்சி; அன்று என்றது தொழிற் கட்சி. 1909 இல் ஒஸ்போர்ன் வழக்கில் எழுந்த அதே வினா, உடை மாற்றி வந்து அமர்ந்திருந்தது. 2007 இற் பேச்சு முறிந்தது. 2011 இற் சேர் கிறிஸ்தோபர் கெலியின் குழு, எவரும் ஓராண்டில் ஒரு கட்சிக்கு 10,000 பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்றும், சங்கச் சந்தா தனித்தனித் தொழிலாளர் தெரிந்து சேர்ந்து கொடுத்ததாயின் தனித்தனிக் கொடையாகக் கொள்ளப்படும் என்றும், அதனாற் குறையும் வருவாய்க்கு ஈடாகத் திறைசேரி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் பவுண் உதவலாம் என்றும் பரிந்துரைத்தது. வாக்காளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பென்ஸ். முதலாந்தரத் தபால் முத்திரை ஒன்றின் விலை என்று குழு கணக்கிட்டுக் காட்டியது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மக்களிடம் அதனைக் கேட்க இயலாது என்று கூறி அரசாங்கம் அறிக்கையை ஒதுக்கிவைத்தது.